தனி ஆள் ஒருவர் எப்படி இலட்சம் பேரை ஆள்கிறார்?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான். அரசனோ சர்வாதிகாரியோ தனி ஆள். அவருக்குக் கீழே இருப்பவர்கள் இலட்சக்கணக்கில். எல்லோரும் ஒரே நாளில் தெருவுக்கு வந்தால் அவரால் என்ன செய்துவிட முடியும்? 2022இல் கொழும்பில் வந்தார்களே, மற்ற நாடுகளில் ஏன் வருவதில்லை? நல்லூர் முத்திரைச் சந்தியில் யாழ்ப்பாண அரசன் சங்கிலியனின் சிலையைக் கடந்து போகும்போதெல்லாம் ‘இவர் எப்படித்தான் ஆண்டிருப்பார்’ என்று தோன்றும் என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

நீங்கள் கேட்டது மக்களைப் பற்றி. ஆனால் உள்ளே இரண்டு கேள்விகள் இருக்கின்றன. மக்கள் ஏன் எழுவதில்லை என்பது ஒன்று. ஆட்சியாளரைச் சுற்றி நிற்கும் இருபது முப்பது பேர், ஆயுதத்தையும் பணத்தையும் கையில் வைத்திருப்பவர்கள், ஏன் அவரைத் தூக்கி எறிவதில்லை என்பது மற்றது. எனக்கு இரண்டாவதுதான் பெரிய கேள்வியாகப் படுகிறது. முதலாவதற்கான பதிலில் பாதி அதற்குள்ளேயே கிடக்கிறது. நான் யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்புகளுக்கு வரலாறும் அரசியல் விஞ்ஞானமும் பல வருடங்கள் படிப்பித்தவன். ஆய்வாளன் அல்ல. போர்த்துக்கேய, ஒல்லாந்த ஆவணங்களை மொழிபெயர்ப்பில்தான் வாசித்திருக்கிறேன். அந்த அளவோடு இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உறுதியாகச் சொல்லக்கூடியது. சர்வாதிகாரிகளுக்கு ஆபத்து தெருவிலிருந்து வருவதைவிடப் பக்கத்து அறையிலிருந்துதான் அதிகம் வருகிறது. மிலன் ஸ்வோலிக் என்ற அரசியல் அறிஞர், 1946 முதல் 2008 வரை அரசியலமைப்பு வழியில் அல்லாமல் பதவி இழந்த 303 சர்வாதிகாரத் தலைவர்களை எடுத்துக் கணக்குப் பார்த்தார். அவர்களில் 205 பேரைக் கவிழ்த்தவர்கள் அந்த ஆட்சிக்குள்ளேயே இருந்தவர்கள்: தளபதி, அமைச்சர், கட்சிக்காரர். மக்கள் எழுச்சியால் போனவர்கள் 32 பேர்தான். எந்த வழக்கை எந்த வகைக்குள் போடுவது என்று ஆய்வாளர்கள் சண்டை பிடிக்கலாம். ஆனால் வித்தியாசம் இவ்வளவு பெரிதாக இருக்கும்போது அந்தச் சண்டையால் முடிவு மாறாது. ஆகவே ஒரு சர்வாதிகாரி இரவில் நித்திரை வராமல் கிடந்தால், அவர் நினைப்பது உங்களையும் என்னையும் பற்றி அல்ல. மாலையில் தன்னோடு இருந்து சாப்பிட்டவரைப் பற்றி.

இதற்கு நமக்குக் கிட்ட இருக்கும் உதாரணம் கண்டி. 1798இல் ராஜாதி ராஜசிங்கன் நேரடி வாரிசு இல்லாமல் இறந்தபோது, அடுத்த அரசன் யார் என்று தீர்மானித்தவர் முதல் அதிகாராக, அதாவது தலைமை அமைச்சராக இருந்த பிலிமத்தலாவை. அரசியின் சகோதரன் முத்துசாமியும் உரிமை கேட்டார். பிலிமத்தலாவை அவரை ஒதுக்கிவிட்டுப் பதினெட்டு வயதுக் கண்ணுசாமியைக் கொண்டுவந்து முடி சூட்டினார். அவர் போட்ட கணக்கு ஊகிக்கக்கூடியதுதான். பெடியன், தென்னிந்திய நாயக்கர் வழி வந்தவன், கண்டிப் பிரபு குடும்பங்களில் அவனுக்கு இரத்த உறவு இல்லை, தன்னை விட்டால் அவனுக்கு வேறு ஆள் இல்லை. அந்தப் பெடியன்தான் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். பொம்மையாக இருப்பான் என்று நினைத்தவர்கள் ஏமாந்தார்கள். கொஞ்ச வருடங்களில் பிலிமத்தலாவையின் தலையே போயிற்று. அந்த இடத்துக்கு வந்த எகலப்பொல 1814இல் சப்பிரகமுவவில் கலகம் செய்து, தோற்று, ஆங்கிலேயரிடம் ஓடினார். கண்டியில் அரசனின் பிடியில் இருந்த அவருடைய மனைவியும் பிள்ளைகளும் கொல்லப்பட்டார்கள்.

இனி இரண்டு வருடங்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1803இல் ஆங்கிலேயப் படை கண்டிக்குள் போய், முத்துசாமியை அரசனாக்கி வைத்துவிட்டு ஒரு காவல் படையையும் விட்டுவந்தது. அந்தப் படை அழிந்தது, முத்துசாமியும் கொல்லப்பட்டார். 1815 பெப்ரவரியில் அதே மலைக்கு, அதே காட்டு வழிகளால் ஆங்கிலேயர் மறுபடி போனார்கள். சொல்லும்படியான சண்டையே நடக்கவில்லை. அரசன் ஒளிந்திருந்த இடத்தில் பிடிபட்டான். மார்ச் 2ஆம் தேதி பிரபுக்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். அரசனை வேலூருக்குக் கொண்டுபோனார்கள், 1832இல் அங்கேயே இறந்தான். இந்தப் பன்னிரண்டு வருடத்தில் மலை உயரம் குறையவில்லை, ஆங்கிலேயரின் துவக்கும் பெரிதாக மாறவில்லை. 1803இல் அரசனோடு நின்ற பிரபுக்களில் முக்கியமானவர்கள் 1815இல் நிற்கவில்லை, அதுதான் மாறியது. ஜோன் டொயிலி என்ற ஆங்கிலேய அதிகாரி வருடக்கணக்காகக் கீழே இருந்துகொண்டே அந்தப் பிரபுக்களோடு இரகசியமாகக் கடிதத் தொடர்பு வைத்திருந்தார். யார் யாரோடு கோபம், யார் எப்போது விலகுவார் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. ஒரு கணக்கில், அரசனைவிட அவருக்கு அரசனின் ஆட்களைப் பற்றி அதிகம் தெரியும்.

வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் ‘அரசன் கொடுமைக்காரன், அதனால் விழுந்தான்’ என்று எழுதிவிடுவார்கள். அது போதாது. கொடுமைக்காரர்கள் பலர் கிழவராகிக் கட்டிலில்தான் இறந்திருக்கிறார்கள். பயமுறுத்துவதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. ‘சொன்னபடி நடந்தால் பிழைத்துக்கொள்வேன்’ என்று கீழே இருப்பவர் நம்பும்வரை பயம் அவரைக் கட்டிப்போடும். ‘சொன்னபடி நடந்தாலும் அடுத்தது நான்தான்’ என்று ஆகிவிட்டால், அதே பயம் அவரை எதிரியின் வாசலில் கொண்டுபோய் விடும். ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டான் என்பதுதான் என் வாசிப்பு.

கெட்டிக்கார ஆட்சியாளர்கள் அந்தக் கோட்டைத் தாண்டாமலே தங்கள் ஆட்களைப் பிரித்து வைப்பார்கள். யப்பானில் டொக்குகாவா ஆட்சி 1635இல் ஒரு விதியை நிலைப்படுத்தியது. நாடு முழுவதும் இருந்த பெரும் நிலப்பிரபுக்கள் மாறி மாறி ஒரு காலம் தலைநகர் எடோவிலும் ஒரு காலம் சொந்த ஊரிலும் இருக்கவேண்டும். மனைவியும் வாரிசும் எப்போதும் எடோவில்தான். மரியாதை என்று பார்த்தால் மரியாதை, பணயம் என்று பார்த்தால் பணயம். பரிவாரத்தோடு போய்வரும் செலவிலேயே அவர்களின் கஜானா கரைந்தது. இரண்டு நூற்றாண்டுக்கு மேல் அந்த ஏற்பாடு நின்றது. 1862இல் அதைத் தளர்த்தினார்கள். 1868இல் ஆட்சியே போயிற்று. தளர்த்தியதுதான் காரணம் என்று நான் சொல்லவரவில்லை, மேற்கத்தியக் கப்பல்கள் வந்தபின் எல்லாமே ஆட்டம் கண்டிருந்த நேரம் அது. ஆனாலும் அந்த ஆறு வருட இடைவெளி கண்ணில் படாமல் போகாது.

இருபதாம் நூற்றாண்டில் இதை இன்னொரு விதமாகச் செய்தவர் சயீரை (இன்றைய கொங்கோ ஜனநாயகக் குடியரசு) 1965 முதல் 1997 வரை ஆண்ட மொபுட்டு. அவருடைய வெளிநாட்டு அமைச்சர் இங்குசா கார்லி பொண்டுக்கு 1977இல் தேசத்துரோகத்துக்கு மரண தண்டனை கிடைத்தது. பிறகு மன்னிப்பு. 1980இல் அதே ஆள் பிரதமர். அடுத்த வருடம் பெல்ஜியத்துக்குத் தப்பிப்போய் மொபுட்டுவைக் கிழிகிழி என்று கிழித்தார். 1985இல் திரும்பி வந்தார், 1986இல் அமெரிக்காவுக்கான தூதுவர் ஆனார், பிறகு மறுபடியும் வெளிநாட்டு அமைச்சர், 1991இல் மறுபடியும் பிரதமர். கேட்கப் பகிடியாக இருக்கும். ஆனால் இதைப் பார்த்துக்கொண்டிருந்த மற்ற அமைச்சர்களின் மனதில் என்ன பதிந்திருக்கும் என்று யோசியுங்கள். பதவி என்னுடையது அல்ல, அவர் தந்தது. அவர் எடுத்தால் போகும், மன்னித்தால் திரும்பி வரும். ஆகவே எதிரணியாகச் சேருவதைவிட வரிசையில் நின்று காத்திருப்பது இலாபம். வரிசையில் நிற்பவர்கள் ஒருவரை ஒருவர் நம்பமாட்டார்கள்.

படையிலும் இதே கதைதான். சதாம் உசைன் ஒரே இராணுவத்தை வைத்திருக்கவில்லை. வழமையான இராணுவம் ஒன்று, அதைப் பார்த்துக்கொள்ளக் குடியரசுக் காவல் படை, அதையும் பார்த்துக்கொள்ளச் சிறப்புக் குடியரசுக் காவல் படை, இவை எல்லாவற்றின் மீதும் கண் வைக்கப் பல உளவு அமைப்புகள். சவூதி அரேபியாவில் தேசியக் காவல் படை நீண்ட காலமாகப் பாதுகாப்பு அமைச்சின் கீழ் இல்லாமல் தனியாக இயங்கிவருகிறது. இது ஒன்றும் புதிய கண்டுபிடிப்பு அல்ல. ஒற்றாடல் அதிகாரத்தைத் திருப்பிப் பாருங்கள். ஒரு ஒற்றன் கொண்டுவந்ததை இன்னொரு ஒற்றனைக் கொண்டு சரிபார், ஒருவனை ஒருவன் அறியாதபடி ஆள், மூன்று பேர் சொல்வது ஒத்துப்போனால் நம்பு என்று வள்ளுவர் வரிசையாகச் சொல்லியிருக்கிறார். பள்ளிக்கூடத்தில் நாங்கள் அதை மனப்பாடம் செய்து ஒப்புவித்தோம். அது எவ்வளவு குளிர்ந்த தலையோடு எழுதப்பட்டது என்று யாரும் சொல்லித்தரவில்லை. இந்த வித்தைக்கு ஒரு விலையும் இருக்கிறது. ஒருவரை ஒருவர் நம்பாத படைகள் சதிக்குச் சேராது, உண்மையான போர் வந்தால் சண்டைக்கும் சரியாகச் சேராது.

அப்புறம் காசு. பிரித்து வைத்தால் மட்டும் போதாது, ஊட்டியும் வைக்கவேண்டும். இங்கேதான் யாழ்ப்பாண அரசு சுவாரசியமான உதாரணம். 1344இல் இலங்கைக்கு வந்த மொரோக்கோப் பயணி இபின் பத்தூத்தா, யாழ்ப்பாண அரசனான ஆரியச்சக்கரவர்த்தியைச் சந்தித்தார். அரசனுக்கு முன்னால் முத்துக்களைத் தரம் பிரித்துக்கொண்டிருந்ததையும், அரசனுக்குப் பாரசீக மொழி விளங்கியதையும், அவருடைய கப்பல்களையும் எழுதிவைத்திருக்கிறார். குடாநாட்டில் பெரிய ஆறு கிடையாது, தஞ்சாவூரைப் போல நெல்லிலிருந்து ஒரு பேரரசைக் கட்ட இந்த மண்ணால் முடியாது. அரசனின் கையிருப்பு கடலிலிருந்து வந்தது: மன்னார் முத்துக்குளிப்பு, யானை ஏற்றுமதி, கப்பல் வணிகம். வன்னியிலிருந்து யானைகள் வந்த வழியைத்தான் இன்றும் ஆனையிறவு என்கிறோம். இப்படி ஒரு சில வாசல்களால் வரும் வருமானம் ஆட்சியாளருக்கு மிக வசதி. ஊர் ஊராகப் போய் வரி கேட்டுச் சனத்தோடு பேரம் பேசவேண்டியதில்லை, வாசலில் தன் ஆளை நிறுத்தினால் போதும். இன்றைய எண்ணெய் நாடுகளைப் பற்றிச் சொல்லப்படுவதும் இதேதான்.

ஆனால் வாசல் ஒன்றை யாராவது பிடித்துக்கொண்டால்? 1560இல் அதுதான் நடந்தது. போர்த்துக்கேய ராஜப்பிரதிநிதி கொன்ஸ்தாந்தீனு த பிரகன்சா படையோடு வந்து தலைநகர் நல்லூரைப் பிடித்தார். முதலாம் சங்கிலி வெளியேறினார். சனம் போர்த்துக்கேயருக்கு எதிராகத் திரண்டது, குடாநாட்டை அவர்களால் வைத்திருக்க முடியவில்லை. ஆனால் திரும்பிப் போகும்போது மன்னாரைத் தங்கள் கையில் வைத்துக்கொண்டார்கள். சிங்காசனம் தப்பியது, முத்து போயிற்று. அதற்குப் பிறகு யாழ்ப்பாண அரசர்களின் கை ஓங்கியதாக வரலாறு இல்லை. 1591இல் போர்த்துக்கேயத் தளபதி அந்திரே பூர்த்தாடு வந்து அரசனைக் கொன்று எதிர்மன்னசிங்கனை வைத்தபோது, அரசு ஏறக்குறையப் போர்த்துக்கேயரின் கைக்குள் இருந்தது. இன்னொன்றையும் கவனியுங்கள். போர்த்துக்கேயப் படையிடமிருந்து தப்பிய சங்கிலி அடுத்த ஓரிரு வருடங்களுக்குள் உள்ளுக்குள்ளிருந்தே அகற்றப்பட்டார், அந்த இடத்துக்கு வந்தவர் அவருடைய சொந்த மகன் புவிராஜ பண்டாரம் என்று சொல்லப்படுகிறது.

சுற்றியிருப்பவர்களுக்குக் கீழேயும் ஒரு படிக்கட்டு வேண்டும், இல்லாவிட்டால் அரண்மனையின் சொல் கிராமத்துக்குப் போகாது. அதைப் பார்க்க அரசர் காலத்துக்குப் போகத் தேவையில்லை. பேர்சிவல் டைக் என்ற ஆங்கிலேயர் 1829இல் யாழ்ப்பாணத்துக்கு வந்தார். 1867இல் இறக்கும்போதும் வட மாகாணத்தின் தலைமை நிர்வாகியான அரசாங்க அதிபர் அவர்தான். ‘வடக்கின் ராஜா’ என்று அவரை அழைத்தார்கள். கச்சேரி என்ற அவருடைய நிர்வாக அலுவலகத்தில் அவரோடு இருந்த வெள்ளைக்காரர்கள் ஒரு கைப்பிடி. மாகாணத்தை நடத்தியவர்கள் மணியகாரர், உடையார், விதானையார் என்று படிப்படியாக நின்ற நம்மவர்கள். அவர்களுக்குக் கிடைத்த காசு பெரிதல்ல. கிடைத்தது ஊருக்குள் தலைமை, காணிச் சண்டையில் கடைசிச் சொல், பிள்ளைக்கு ஒரு வேலை, கோயில் திருவிழாவில் முதல் மரியாதை. அதைக் காப்பாற்றிக்கொள்ள அவர்களே ஊரைக் கட்டுப்படுத்தினார்கள். விதானை முறை 1963இல் ஒழிந்து கிராம சேவகர் வந்தபின்னும் எங்கள் ஊரில் கிழவர்கள் ‘விதானையார்’ என்றுதான் கூப்பிட்டார்கள். டைக் சங்கிலியைப் போல முடிசூடிய அரசன் அல்ல, அவருக்கு மேலே கொழும்பும் இலண்டனும் இருந்தன என்பது உண்மை. ஆனால் கேள்வி ‘ஒரு ஆள் எப்படி’ என்பதாக இருந்தால், இந்தப் படிக்கட்டுதான் பதில். ஒரு ஆள் ஆள்வதில்லை. ஒவ்வொரு படியில் நிற்பவரும் தனக்குக் கீழே உள்ளவரை ஆள்கிறார்.

இனி உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். சனம் ஏன் வருவதில்லை? நல்லூர்த் தேர் வடத்தைப் பிடிக்க எத்தனை ஆயிரம் பேர் நின்றாலும், எல்லோரும் ஒரே நேரத்தில் இழுக்காவிட்டால் தேர் அசையாது. தேர் இழுப்பதில் முதல் ஆளாக இழுத்தவரைச் சுடமாட்டார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். ‘எல்லோரும் வந்தால்’ என்று நீங்கள் சொல்வது சரி. எல்லோரும் வருவார்கள் என்று யாருக்கு எப்படித் தெரியும்? அடுத்த வீட்டுக்காரர் ஆட்சியை உண்மையாகவே விரும்புகிறாரா, உங்களைப் போலவே நடிக்கிறாரா என்று உங்களுக்குத் தெரியாது. அதைத் தெரியவிடாமல் வைத்திருப்பதுதான் தணிக்கையின் முக்கிய வேலை. உண்மையை மறைப்பது அதற்கு அடுத்தபடி. விலைவாசி ஏறியது எல்லோருக்கும் தெரியும், எல்லோருக்கும் கோபம் என்பதுதான் தெரியக்கூடாது.

கிழக்கு ஜேர்மனியை எடுங்கள். ஒரு கோடி அறுபது இலட்சம் மக்களுக்கு அங்கே இரகசியப் பொலிசில் சுமார் 91,000 முழுநேர ஊழியர்கள். அதற்கு மேல் ஒன்றரை இலட்சத்தைத் தாண்டிய தகவலாளர்கள், சக ஊழியர்களாகவும் அயலவர்களாகவும். இப்படிக் காது வைத்த ஆட்சி 1989இல் சில கிழமைகளுக்குள் கரைந்தது. லைப்சிக் நகரில் ஒவ்வொரு திங்கட்கிழமையும் நிக்கொலாய் தேவாலயத்தில் வழிபாடு முடிந்து சனம் ஊர்வலம் போகும். செப்டெம்பரில் சிறு கூட்டம். அடுத்த திங்கள் அதைவிடக் கொஞ்சம் பெரிது. ஒவ்வொரு திங்களும் ‘போன கிழமை இத்தனை பேர் வந்தார்கள், வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள்’ என்ற செய்தி பரவியது. ஒக்டோபர் 9ஆம் தேதி சுமார் 70,000 பேர் வந்தார்கள். பொலிசும் படையும் தயாராக நின்றன. சுடும் உத்தரவு வரவில்லை. ஒரு மாதத்தில் பேர்லின் மதில் திறந்தது. கிழமையும் நேரமும் இடமும் நிலையாக இருந்ததால் யாரும் யாரையும் ஒழுங்குபடுத்த வேண்டியிருக்கவில்லை. உளவாளிகளிடம் எல்லாத் தகவலும் இருந்தது, எப்போது நடக்கும் என்பது உட்பட. அதைக் கொண்டு எதுவும் செய்ய முடியவில்லை.

ருமேனியாவில் இது இன்னும் வேகமாக நடந்தது. 1989 டிசெம்பர் 21ஆம் தேதி புக்கரெஸ்டில் ஆட்சியாளர் சௌசெஸ்கு தானே கூட்டிய கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்தார். இடையில் கூச்சல் கிளம்பியது. அவர் பேச்சை நிறுத்தித் திகைத்து நிற்பது நேரடி ஒளிபரப்பில் நாடு முழுவதும் தெரிந்தது. மறுநாள் காலையில் பாதுகாப்பு அமைச்சர் இறந்தார் என்ற செய்தி வந்தது, இராணுவம் பக்கம் மாறியது, சௌசெஸ்கு ஹெலிகொப்டரில் ஓடினார். 25ஆம் தேதி அவரையும் மனைவியையும் சுட்டுக் கொன்றார்கள். இதை மக்கள் எழுச்சி என்று சொல்வது சரியா, இராணுவத்துக்குள் இருந்தவர்கள் எழுச்சியைப் பயன்படுத்திக்கொண்டார்கள் என்று சொல்வது சரியா என்று ருமேனியர்களே இன்னும் வாதாடுகிறார்கள். இரண்டும் சேர்ந்தது என்பது என் எண்ணம். கூட்டம் கூச்சலிட்டது. ஆனால் அவரை விழ வைத்தது, துவக்கு வைத்திருந்தவர்கள் அந்தக் கூச்சலைக் கேட்டுக் கணக்கை மாற்றியதுதான்.

கொழும்பு 2022ஐ இந்தப் பட்டியலில் சேர்க்க எனக்குத் தயக்கம். கோட்டாபய ராஜபக்ச தேர்தலில் வென்று வந்தவர், நீதிமன்றமும் பாராளுமன்றமும் இருந்தன. நிறைவேற்று ஜனாதிபதிக்கு அதிகாரம் மிக அதிகம் என்பது வேறு, அது தனியாட்சி என்பது வேறு. ஆனாலும் உங்கள் உதாரணம் பயனுள்ளதுதான். ஜூலை 9இல் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்த கூட்டம் வானத்திலிருந்து குதிக்கவில்லை. ஏப்ரலிலேயே அமைச்சரவை ஒட்டுமொத்தமாக விலகியிருந்தது. வெளிநாட்டுக் கடனை இப்போதைக்குக் கட்ட முடியாது என்று அரசு அறிவித்திருந்தது. மே 9இல் பிரதமராக இருந்த சொந்த அண்ணனும் விலகினார். பெற்றோலுக்குக் கிழமைக்கணக்கில் வரிசை. அதாவது காசு முடிந்து, சுற்றியிருந்தவர்கள் ஒவ்வொருவராக விலகிய பிறகு கூட்டம் மாளிகைக்குள் போனது. கூட்டத்தின் துணிச்சலைக் குறைத்துச் சொல்லவில்லை. அதே கூட்டம் 2020இல் வந்திருந்தால் மாளிகைப் படிக்கட்டைத் தொட்டிருக்குமா என்று கேட்கிறேன்.

இனி சந்தேகத்துக்குரியவை. எண்ணெய், முத்து போன்ற வருமானம் சர்வாதிகாரத்தை வளர்க்கிறது என்ற கருத்து கவர்ச்சியானது, நானும் மேலே பயன்படுத்தினேன். நோர்வேயும் எண்ணெயில் மிதக்கும் நாடுதான் என்று யாராவது சொன்னால் பதில் சொல்வது கடினம். எண்ணெய்க்கு முன்பே அங்கே நல்ல நிறுவனங்கள் இருந்தன என்பார்கள். அப்படியானால் முக்கியம் எண்ணெயா நிறுவனங்களா? ஆய்வாளர்கள் இதில் ஒருமுகமாக இல்லை. அதேபோல, கொடுங்கோலர் என்று பெயர் எடுத்தவர்களைப் பற்றிய கதைகளையும் அப்படியே விழுங்கக்கூடாது. எகலப்பொலவின் குடும்பம் கொல்லப்பட்டது உறுதி. தாயைக் கொண்டு பிள்ளையை உரலில் இடிக்க வைத்தார்கள் என்ற கதையை ஆங்கிலேயர் தங்கள் படையெடுப்பை நியாயப்படுத்த நன்றாகப் பயன்படுத்திக்கொண்டார்கள். அந்த விபரங்களில் பல வரலாற்றாசிரியர்களுக்குச் சந்தேகம் உண்டு.

முதலாம் சங்கிலி விஷயமும் அப்படித்தான். 1544இல் மன்னாரில் புதிதாகக் கத்தோலிக்கரானவர்கள் அவருடைய கட்டளையால் கொல்லப்பட்டார்கள் என்பது உறுதி. அறுநூறு எழுநூறு பேர் என்பது திருச்சபைப் பக்கத்திலிருந்து வரும் எண்ணிக்கை. ஏன் செய்தார் என்பதில்தான் வாதம். மத வெறி என்பார்கள் சிலர். ஞானஸ்நானம் பெற்றவர்கள் போர்த்துக்கேய அரசனின் பாதுகாப்புக்குள் போகிறார்கள், ஆகவே அதை இராசத்துரோகமாகப் பார்த்தார் என்பார்கள் வேறு சிலர். ஆட்சி எப்படி நிற்கிறது என்ற கோணத்தில் பார்க்கும் எனக்கு இரண்டாவது விளக்கம் பொருத்தமாகப் படுகிறது. இரண்டாவது எசமானன் ஒருவனைத் தனியாட்சி பொறுக்காது, அதுவும் முத்துக்குளிக்கும் கரையில். விளக்கம் சொல்வது நியாயம் சொல்வதாகிவிடாது, செத்தவர்கள் செத்தவர்கள்தான். நம் பக்கத்து மூலமான யாழ்ப்பாண வைபவமாலை 1736 அளவில், ஒல்லாந்தர் காலத்தில் எழுதப்பட்டது. சங்கிலிக்கு இரண்டு நூற்றாண்டு பிந்தியது. அதில் அரண்மனைக்குள் நஞ்சு, கொலை என்று வருவதை வாசிக்கும்போது அந்த இடைவெளியை நினைவில் வைத்திருக்கவேண்டும்.

ஆனால் அரண்மனைக் கொலை என்ற வகை பொய்யல்ல. தனியாட்சியின் மிகப் பலவீனமான இடம் வாரிசு. அடுத்தவர் யார் என்று அறிவித்தால் எல்லோரும் அவர் பக்கம் சாய்வார்கள், அறிவிக்காவிட்டால் இறந்த அன்றே சண்டை. ஒட்டோமான் சுல்தான் மூன்றாம் மெஹ்மெட் 1595இல் பட்டத்துக்கு வந்த கையோடு தன் 19 சகோதரர்களைக் கொல்ல வைத்தார். அது அவருடைய தனிப்பட்ட குரூரம் மட்டுமல்ல, அந்த அரச வம்சத்தின் வழக்கமே அது. நம் பக்கத்தில் எதிர்மன்னசிங்கன் சிறு மகனை விட்டு இறந்தபின், 1617 அளவில் இரண்டாம் சங்கிலி எனப்படும் சங்கிலி குமாரன் பராமரிப்பு ஆட்சிக்கு நியமிக்கப்பட்ட அரசகேசரியைக் கொன்றுவிட்டு அதிகாரத்தை எடுத்துக்கொண்டார். வந்தவுடனேயே உள்ளூர்க் கலகம். தஞ்சை நாயக்கரின் உதவியைத் தேடினார். 1619இல் போர்த்துக்கேயத் தளபதி பிலிப் த ஒலிவேரா படையோடு வந்தபோது பிடிபட்டார். கோவாவுக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள். அதோடு யாழ்ப்பாண அரசு முடிந்தது. முத்திரைச் சந்தியில் நிற்பது எந்தச் சங்கிலி என்று கேட்டால் போய் வருகிறவர்களில் பாதிப்பேர் தடுமாறுவார்கள், அது வேறு கதை.

நம் ஊரின் அண்மைக் காலத்தை நான் ஏன் தொடவில்லை என்று நீங்கள் நினைக்கலாம். துவக்கு வைத்திருந்தவர்கள் பலரின் கீழே வாழ்ந்த தலைமுறை நாங்கள். கிட்ட இருந்து பார்த்ததை 1815ஐப் பார்ப்பதுபோல எட்ட நின்று பார்க்கும் கண் எனக்கு இல்லை. இருப்பதாகச் சொல்லிக்கொண்டு எழுத விருப்பமும் இல்லை.

எந்த ஆட்சி எப்போது விழும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியுமா என்றால், முடியாது. 1989 தொடக்கத்தில் கிழக்கு ஜேர்மனியின் ஆட்சி அந்த வருட முடிவைத் தாண்டாது என்று சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். ஆனால் வெளிநாட்டுச் செய்தி வாசிக்கும்போது எங்கே பார்ப்பது என்று சொல்லலாம். ஊர்வலத்தின் படத்தை நான் கடைசியில்தான் பார்ப்பேன். முதலில் மெய்க்காவல் படையின் தளபதி யார், அவர் தலைவருக்கு என்ன முறை என்று பார்ப்பேன். பிறகு படைக்குச் சம்பளம் நேரத்துக்குப் போகிறதா, பணக்காரர்கள் பிள்ளைகளை எந்த நாட்டுக்கு அனுப்புகிறார்கள், நீண்ட காலம் கூட இருந்த அமைச்சர் ஒருவர் திடீரென்று ‘வைத்தியத்துக்கு’ வெளிநாடு போய்த் திரும்பி வராமல் இருக்கிறாரா என்று. யார் விழுத்துகிறார்களோ அவர்களுக்கே நாற்காலி கிடைக்கும் என்றும் நினைக்காதீர்கள். ஆங்கிலேயரைக் கண்டிக்குக் கூட்டிவந்த எகலப்பொலவுக்கு முடி கிடைக்கவில்லை. 1825இல் அவரை மொரீசியசுக்கு அனுப்பிவிட்டார்கள், 1829இல் அங்கேயே இறந்தார்.